வெள்ளி அடைப்பா, வெள்ளை அடைப்பா: சூத்தைப்பல்லுக்கு எதை வைப்பது?

தங்கச்சி, நீங்கள் கேட்டதை நான் விளங்கிக்கொண்ட மாதிரி முதலில் சொல்லிவிடுகிறேன். வலப்பக்கக் கீழ்க் கொடுப்புப்பல் ஒன்றில் சூத்தை. அரசாங்க ஆஸ்பத்திரிப் பல் கிளினிக்கில் வெள்ளி அடைப்பு வைக்கலாம், காசில்லை என்றார்கள். பின்னேரம் தனியார் கிளினிக் ஒன்றுக்குப் போனபோது பல்லின் நிறத்திலேயே வைப்போம், அதுதான் நல்லது என்று சொல்லி ஒரு தொகையும் சொன்னார்கள், அது உங்கள் சம்பளத்துக்குக் கொஞ்சம் பாரம். இதற்கிடையில் கனடாவில் இருக்கும் அண்ணா, வெள்ளி அடைப்புக்குள் பாதரசம் இருக்கிறது, அது நஞ்சு, பள்ளிக்கூடக் காலத்தில் வைத்த பழைய இரண்டையும் சேர்த்துக் கிண்டி எடுத்துவிடு என்கிறார். கலியாணம் முடித்து ஆறு மாதம் என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், அந்த வரி முக்கியம், பிறகு அதற்கு வருகிறேன். எது நல்லது என்று கேட்டாலும் உங்கள் மனதில் இருப்பது இரண்டு பயம் என்று படுகிறது. இத்தனை வருடம் வாய்க்குள் நஞ்சை வைத்துக்கொண்டு திரிந்தேனா என்பது ஒன்று. காசில்லாமல் கிடைப்பது மட்டமான சாமானா என்பது மற்றது.

நான் பேராதனையில் பல் வைத்தியம் படித்துவிட்டு யாழ்ப்பாண மாவட்டத்தில் இருபது வருடத்துக்கு மேலாக வேலை செய்கிறேன். காலையில் அரசாங்க ஆஸ்பத்திரி, பின்னேரத்தில் தனியார் கிளினிக், ஆகவே இரண்டு பக்கத்தையும் தெரியும், இரண்டு வகை அடைப்பையும் ஆயிரக்கணக்கில் வைத்திருக்கிறேன். ஆனால் உங்கள் பல்லை நான் பார்க்கவில்லை, எக்ஸ்ரேயும் என் கையில் இல்லை. சூத்தை எவ்வளவு ஆழம், பக்கத்துப் பல்லோடு முட்டுகிற பக்கச் சுவரிலா, மேற்பரப்பின் குழியிலா, முரசுக்கு, அதாவது பல் ஈறுக்குக் கீழே இறங்கிவிட்டதா என்பதெல்லாம் வாயைத் திறந்து பார்த்தவருக்குத்தான் தெரியும். ஆகவே நான் சொல்வதை வைத்துக்கொண்டு அவரோடு கதையுங்கள், நான் சொன்னேன் என்பதற்காக அவர் பார்த்ததைத் தள்ளிவிட வேண்டாம்.

முதலில் அந்த வெள்ளிச் சாமான் என்ன என்று பார்ப்போம். அமல்கம் என்று சொல்வோம். நிறையில் ஏறக்குறையப் பாதி பாதரசம், மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு சேர்ந்த உலோகத்தூள். இரண்டையும் கலக்கும்போது பாதரசம் அந்தத் தூளோடு வினைப்பட்டு, முதலில் களிபோல இளகி, சில நிமிடத்தில் இறுகத் தொடங்கி, ஒரு நாளைக்குள் நல்ல பலத்துக்கு வந்துவிடும். வைத்த அன்றைக்கு அந்தப் பக்கத்தால் கடிக்க வேண்டாம் என்று சொல்வது அதனால்தான். முந்தின காலத்தில் சின்ன உரலில் போட்டு கையால் அரைத்தார்கள், இப்போது அளவாக அடைத்த கப்சியூல் வருகிறது, இயந்திரத்தில் வைத்துச் சில விநாடி குலுக்கினால் போதும். 150 வருடத்துக்கு மேலாக உலகம் முழுவதும் வைத்த சாமான் இது. இறுகிய அமல்கத்துக்குள் இருக்கும் பாதரசம், உடைந்த காய்ச்சல்மானியிலிருந்து நிலத்தில் உருண்டோடும் பாதரசம் மாதிரிச் சும்மா கிடப்பதில்லை. மற்ற உலோகங்களோடு பிணைந்து கிடக்கிறது.

ஆனால் அண்ணா சொன்னது முழுப்பொய் என்று சொன்னால் நான் நேர்மையில்லாதவன் ஆகிவிடுவேன். பிணைந்து கிடந்தாலும் அதிலிருந்து மிகச் சிறிய அளவில் ஆவி வெளிவருகிறது, சாப்பாட்டை அரைக்கும்போதும் நித்திரையில் பல்லை நறுநறுவென்று கடிக்கும்போதும் கொஞ்சம் கூட வருகிறது, அதில் ஒரு பங்கு உடம்புக்குள் போகிறது. இது நிச்சயம், யாரும் மறுக்கவில்லை. அந்த அளவு உடம்பைப் பாதிக்கிறதா என்பதுதான் கேள்வி. அதற்கு எங்களிடம் இருக்கும் நல்ல சான்று, அமெரிக்காவிலும் போர்த்துக்கலிலும் தனித்தனியாகச் செய்து 2006இல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகள். ஒவ்வொன்றிலும் 500க்கு மேற்பட்ட பிள்ளைகள். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு அமல்கம், பாதிப் பேருக்குக் கொம்போசிற் என்ற வெள்ளை அடைப்பு வைத்து, ஐந்து முதல் ஏழு வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். அமல்கம் வைத்த பிள்ளைகளின் சிறுநீரில் பாதரசம் கொஞ்சம் கூடுதலாக இருந்தது, ஆனால் ஞாபகசக்தி, கவனம், அறிவுத்திறன் ஆகியவற்றில் இரண்டு கூட்டத்துக்கும் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. பல்லில் அடைப்பு இருக்கும் சாதாரண சுகதேகிக்கு அதனால் நோய் வருகிறது என்று காட்ட இதுவரை நம்பத்தக்க சான்று இல்லை என்று நான் சொல்வது இந்த மாதிரி ஆய்வுகளை வைத்துத்தான்.

சந்தேகம் எங்கே மிஞ்சுகிறது என்றால், சராசரிக்கு வெளியே நிற்கும் ஆக்களில். வயிற்றில் வளரும் பிள்ளை, மிகச் சின்னப் பிள்ளைகள், சிறுநீரகம் பழுதானவர்கள், ஏற்கெனவே நரம்பு நோய் உள்ளவர்கள், பாதரசத்துக்கு ஒவ்வாமை உள்ளவர்கள். இவர்களுக்குக் கெடுதல் என்று நிரூபிக்கப்படவில்லை, கெடுதலே இல்லை என்று அடித்துச் சொல்லவும் போதிய தரவு இல்லை. இப்படி ஒரு நிலையில், மாற்று இருக்கும்போது ஏன் அதை வைப்பான் என்பது நியாயமான யோசனை. அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2020இல் சொன்னதும் இதைத்தான்: இந்த வகை ஆக்களுக்குப் புதிதாக அமல்கம் வைப்பதை முடிந்தவரை தவிர்க்கட்டும் என்றது, அதே அறிக்கையிலேயே, நல்ல நிலையில் இருக்கும் பழைய அடைப்புகளை வைத்திய காரணம் இல்லாமல் எடுக்க வேண்டாம் என்றும் சொன்னது. முதல் பாதியைத்தான் வட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள், இரண்டாம் பாதி யாருக்கும் போய்ச் சேருவதில்லை.

உங்கள் பழைய இரண்டு அடைப்புக்கும் பதில் அந்த இரண்டாம் பாதியில் இருக்கிறது. விளிம்பு உடையவில்லை, கீழே புதுச் சூத்தை இல்லை, பல்லில் வெடிப்பு இல்லை என்றால் அவை இருந்த இடத்தில் இருக்கட்டும். அமல்கத்திலிருந்து ஆவி கூடுதலாக வெளிவரும் நேரம் எது தெரியுமா? ஒன்று வைக்கிற நேரம், மற்றது டிறில் போட்டுக் கிண்டி எடுக்கிற நேரம். அதாவது நஞ்சுக்குப் பயந்து எடுக்கப்போகிற அந்த அரை மணித்தியாலத்தில்தான் கூடுதலாகச் சுவாசிப்பீர்கள். அதோடு எவ்வளவு கவனமாகக் கிண்டினாலும் ஓரத்தில் நல்ல பல்லும் கொஞ்சம் போகும், குழி பெரிதாகும், நரம்புக்கு ஒரு படி கிட்ட நெருங்கும். சில வருடத்துக்கு முன் நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு அம்மா என்னிடம் வந்தார். அங்கே ஒரு கிளினிக்கில் எட்டு அமல்கம் அடைப்பையும் இரண்டு வாரத்துக்குள் எடுத்து வெள்ளை போட்டிருந்தார்கள். எட்டும் அதுவரை ஒரு தொந்தரவும் தராதவை என்று அவரே சொன்னார். இப்போது இரண்டு பல் இரவில் விண்விண் என்று குத்துகிறது, தேர்த் திருவிழா பார்க்க வந்தவர் என் கதிரையில் இருந்து அழுதார். ஒன்றை வேர்ச்சிகிச்சை செய்து, அதாவது உள்ளே பழுதான நரம்பை எடுத்து அடைத்துக் காப்பாற்றினேன், மற்றதன் கடிபகுதி பிளந்திருந்தது, பிடுங்கத்தான் வேண்டி வந்தது. அந்த அம்மாவின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஆகவே அண்ணாவிடம் சொல்லுங்கள், அக்கறைக்கு நன்றி, பழையதைத் தொடப்போவதில்லை என்று.

இனி அந்த ஆறு மாதக் கலியாணம். பிள்ளைக்கு எண்ணம் இருந்தாலோ, அதைத் தள்ளிப்போடும் திட்டம் இல்லாவிட்டாலோ, கிளினிக்கில் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். 2022இல், பாதரசப் பாவனையைக் குறைக்கச் செய்துகொண்ட மினமாட்டா என்ற சர்வதேச உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள், 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பால் கொடுக்கும் தாய்மாருக்கும், வைத்தியர் அவசியம் என்று கருதினால் ஒழிய, அமல்கம் வைப்பதைத் தவிர்ப்பது என்று முடிவெடுத்தன. இலங்கையும் அந்த உடன்படிக்கையில் உள்ள நாடு. நீங்கள் இன்னும் கர்ப்பிணி இல்லை, ஆகவே ஆஸ்பத்திரியில் வெள்ளி என்று சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை, நீங்கள் சொல்லாமல் அவர்களுக்கு எப்படித் தெரியும். ஆனால் அடுத்த மாதமே நிலைமை மாறலாம் என்றால் நான் உங்களுக்குப் புதிதாக அமல்கம் வைக்கமாட்டேன். பயத்தால் சொல்லவில்லை, தேவையில்லாத ஒன்றை ஏன் கூட்டுவான் என்பதால் சொல்கிறேன். இன்னொன்று, சூத்தையைக் கர்ப்பகாலத்துக்குள் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். அந்த நேரத்தில் ஓங்காளமும் சத்தியும் பல்லையும் முரசையும் படுத்தும், வலி வந்தால் மாத்திரை குடிக்கவும் யோசிக்க வேண்டும், கதிரையில் கனநேரம் மல்லாந்து கிடக்கவும் கஷ்டம். மருத்துவமாது பல் கிளினிக்குக்கு அனுப்பும் வரை காத்திருக்காமல் இப்போதே முடித்துவிடுவது நல்லது.

மினமாட்டா என்ற பெயர் ஏன் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அமல்கத்தின் மேல் எனக்கு இருக்கும் உண்மையான கவலை அங்கேதான் இருக்கிறது. ஜப்பானில் மினமாட்டா என்ற கடற்கரை ஊரில் ஒரு தொழிற்சாலை பாதரசக் கழிவைக் கடலில் விட்டது, அது மீனுக்குள் ஏறி, மீனைச் சாப்பிட்ட சனத்துக்கும் அவர்களுடைய பிறக்காத பிள்ளைகளுக்கும் நரம்பு நோயாக வந்தது, 1956இல் அந்த நோய் வெளியே தெரிந்தது. அது வேறு வகைப் பாதரசம், அங்கே பல் அடைப்புக்குச் சம்பந்தமில்லை. ஆனால் பாதரசம் மண்ணுக்கும் தண்ணீருக்கும் போனால் அழியாது, வடிவம் மாறிச் சுற்றிச் சுற்றி வரும் என்பதை உலகம் அங்கேதான் படித்தது. அடைப்பு வைக்கும்போது மிஞ்சும் துணுக்கும், பழையதைக் கிண்டும்போது வரும் தூளும் வாய் கொப்பளிக்கும் தண்ணீரோடு எங்கே போகின்றன? யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கி நிற்கும் மழைத்தண்ணீரைத்தான் கிணற்றில் அள்ளிக் குடிக்கிறோம், அந்தக் கல்லோ வெடிப்பும் துவாரமுமாக இருப்பது, மேலே ஊற்றுவது கீழே போக அதிக நேரம் எடுக்காது. சுன்னாகத்தில் கிணறுகளுக்குள் எண்ணெய் வந்த கதை எல்லோருக்கும் தெரியும். இப்படி ஒரு மண்ணில் பாதரசக் கழிவைத் தண்ணீர்த் தொட்டியில் கழுவிவிடுவதை என்னால் லேசாக எடுக்க முடியாது. மிஞ்சின துணுக்கை மூடி இறுகிய போத்தலில் சேர்த்து வைக்க வேண்டும், கதிரையின் கழிவுக்குழாயில் வடிகட்டி இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரியிலிருந்து அமல்கத்தை நிறுத்தியதற்கும், நோர்வேயும் சுவீடனும் அதற்கு வெகு முன்னரே நிறுத்தியதற்கும் பெரிய காரணம் இந்தச் சுற்றாடல் கவலைதான். அந்தச் செய்தியைப் பார்த்து என் வாய்க்குள் இருப்பது என்னைக் கொல்லும் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

சரி, வெள்ளை அடைப்புக்கு வருவோம். நீங்கள் கேட்கும் வெள்ளை, கொம்போசிற் என்ற சாமான். பிளாஸ்ரிக் போன்ற ஒரு பிசினுக்குள் மிக நுண்ணிய கண்ணாடித் தூளைக் கலந்தது. பல்லின் மேற்பரப்பில் பொஸ்போரிக் அமிலம் தடவிச் சில விநாடி விட்டுக் கழுவினால் எனாமலில் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் வரும், அதற்குள் பசையை ஊறவிட்டு, அதன் மேல் கொம்போசிற்றைத் தட்டுத்தட்டாக, ஒவ்வொரு தட்டும் ஏறக்குறைய இரண்டு மில்லிமீற்றர் மட்டில் வைத்து, நீல வெளிச்சம் பிடித்து இறுகச் செய்வோம். ஏன் ஒரேயடியாக வைப்பதில்லை என்றால், வெளிச்சம் ஆழத்துக்குப் போகாது, அதோடு இந்தப் பிசின் இறுகும்போது கொஞ்சம் சுருங்கும். பெரிய துண்டாக வைத்தால் அந்தச் சுருக்கம் ஓரத்தை இழுத்து நுண்ணிய இடைவெளியை உண்டாக்கும், அந்த இடைவெளிக்குள் பக்ரீறியா போய் இருந்துகொண்டு கீழே மறுபடி சூத்தையைத் தொடங்கும்.

இந்த வேலை முழுவதும் ஒரே விடயத்தில் தங்கியிருக்கிறது, பல் காய்ந்திருக்க வேண்டும். பசை ஊறும் நேரத்தில் ஒரு துளி எச்சிலோ முரசிலிருந்து கசியும் இரத்தமோ பட்டால் ஒட்டு கெட்டுவிடும், ஆனால் வெளியே பார்க்க வடிவாகத்தான் இருக்கும், நோயாளியும் கண்ணாடியில் பார்த்துச் சந்தோசமாகப் போவார். என் ஆரம்ப காலத்தில் நானே இப்படி ஒன்று செய்தேன். ஒரு ஆசிரியைக்குக் கீழ்க் கொடுப்புப்பல்லின் பின்சுவரில், முரசுக்குக் கீழே இறங்கிய சூத்தை. அவருக்கு வெள்ளைதான் வேண்டும், எனக்கும் வெள்ளை வைத்துக் காட்ட ஆசை. முரசு இரத்தம் கசிந்துகொண்டே இருந்தது, பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு வைத்து முடித்தேன். ஒன்றரை வருடத்தில் அடைப்பின் கீழே கறுத்து, நரம்புவரை போய்விட்டது. அந்தப் பல்லுக்கு அமல்கம் வைத்திருந்தால் அது இன்னும் அவர் வாயில் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அமல்கம் ஈரத்தை அதைவிடப் பொறுத்துக்கொள்ளும், பல்லோடு ஒட்டாது, குழியின் வடிவத்தில் பிடித்து நிற்கும், காலம் போகப் போக அதன் அரிப்புப் பொருட்களே ஓரத்து இடைவெளியை அடைத்துவிடும். இது அந்தச் சாமானின் பெரிய குணம். 1990களில் குடாநாட்டில் கரண்ட் இல்லாமல், பற்றரிக்குக்கூடத் தடை இருந்த காலத்தில் நீல வெளிச்சத்தை எங்கே பிடிப்பது. அந்த நேரத்தில் வைத்த வெள்ளி அடைப்புகளை நான் இன்றைக்கும் ஆக்களின் வாயில் பார்க்கிறேன், கறுத்திருக்கும், தேய்ந்திருக்கும், ஆனால் வேலை செய்துகொண்டிருக்கும். மட்டமான சாமானா என்ற உங்கள் இரண்டாவது பயத்துக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

எது கூடக்காலம் நிற்கும் என்பதில் ஆய்வுகளும் இதைத்தான் காட்டுகின்றன. பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் கொக்ரேன் அமைப்பு 2021இல் புதுப்பித்த தொகுப்பின்படி, கொடுப்புப் பற்களில் கொம்போசிற் பழுதாகும் வாய்ப்பு அமல்கத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு, கீழே மறுபடி சூத்தை பிடிக்கும் வாய்ப்பு இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல். ஆனால் இதை அப்படியே உங்களுக்குப் பொருத்தக் கூடாது. அந்தக் கணக்கின் பெரும்பகுதி பிள்ளைகளை வைத்துச் செய்ததாக நான் மேலே சொன்ன அதே இரண்டு ஆய்வுகளிலிருந்து வந்தது, அப்போதிருந்த கொம்போசிற்றும் பசையும் பழையவை, பிள்ளைகளின் வாயைக் காய வைத்திருப்பதும் பெரும்பாடு. சூத்தை குறைந்த வாய், நடுத்தர அளவுக் குழி, நிதானமாக வேலை செய்யும் வைத்தியர் என்றால் இன்றைய கொம்போசிற் பத்து வருடம் நிற்பதை நானே நிறையப் பார்த்திருக்கிறேன். நாளுக்கு ஐந்து தரம் சீனித் தேத்தண்ணீர் குடித்து, இரவில் பல் தீட்டாமல் படுக்கிறவரின் வாயில் அது மூன்று நாலு வருடத்தில் போவதையும் பார்த்திருக்கிறேன். சாமானைவிட வாய்தான் கூட முடிவு செய்கிறது.

கொம்போசிற்றின் பக்கத்திலும் பெரிய நியாயம் ஒன்று இருக்கிறது, அழகு மட்டும் என்று நினைக்க வேண்டாம். அது ஒட்டுவதால் சூத்தை பிடித்ததை மட்டும் எடுத்தால் போதும். அமல்கம் ஒட்டாது, அதனால் கழன்று விழாமல் இருக்க அடியில் அகன்ற குழியும், உடையாமல் இருக்கக் குறிப்பிட்ட ஆழமும் வேண்டும், அதற்காக நல்ல பல்லையும் வெட்ட வேண்டி வரும். சின்னச் சூத்தைக்கு அமல்கம் வைப்பது எனக்கு மனவருத்தமான வேலை. அதோடு பெரிய அமல்கம் வைத்த பல்லில் பக்கச் சுவர்கள் மெலிந்து நிற்கும், பத்துப் பதினைந்து வருடம் கழித்து ஒருநாள் புழுக்கொடியலையோ கோழி எலும்பையோ கடிக்கும்போது ஒரு சுவர் அப்படியே பிளந்து வரும். எங்கள் ஊரில் புழுக்கொடியல் உடைத்த பல்லுக்குக் கணக்கில்லை, வருடா வருடம் பார்க்கிறேன். பல்லின் பாதிக்கு மேல் சூத்தையாகப் போயிருந்தால் வெள்ளியா வெள்ளையா என்பதைவிட, மேலே கிறவுண் போட்டு மூடுவதா என்று கதைக்க வேண்டும்.

கொம்போசிற் மேலும் ஒரு சந்தேகம் கிளப்புகிறார்கள், பிளாஸ்ரிக்கிலிருந்து பிபிஏ என்ற இரசாயனம் வருகிறது என்று. சில பிசின்களிலிருந்து வைத்த உடனே மிகச் சிறிய அளவு எச்சிலில் வருவது உண்மை, அது கெதியாகக் குறைந்துவிடும். மேல்தட்டை நன்றாகத் துடைத்து, வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொல்வது அதற்காகவும்தான். அந்த அளவால் கெடுதல் வந்ததாக நிலையான சான்று இல்லை. பாதரசத்துக்குச் சொன்ன அதே நியாயத்தைத்தான் இதற்கும் சொல்கிறேன், ஒன்றுக்கு ஒரு தராசு, மற்றதுக்கு வேறு தராசு பிடிக்கக் கூடாது.

வெள்ளை என்று சொல்லி இன்னொரு சாமானும் வைப்பார்கள், இது நிறையப் பேருக்குத் தெரியாது. கிளாஸ் அயனோமர் என்று பெயர். அது பல்லோடு தானாகவே பிணையும், கொஞ்சம் ஈரத்தையும் தாங்கும், புளோரைட்டையும் மெல்ல மெல்ல விடும். பாற்பல்லுக்கும், உமிக்கரியாலோ கடினமான பிரஷ்ஷாலோ அழுத்தித் தேய்த்து முரசோரத்தில் பள்ளம் விழுந்த பல்லுக்கும், நரம்புக்குக் கிட்டப் போன சூத்தையைச் சில மாதம் மூடிவைத்துப் பார்ப்பதற்கும் அருமையானது. ஆனால் பலம் குறைவு, பெரியவர்களின் கொடுப்புப்பல்லில் கடி விழும் இடத்தில் பெரிதாக வைத்தால் தேய்ந்து உடையும். ஆகவே வெள்ளை வைப்போம் என்று யாராவது சொன்னால், கொம்போசிற்றா கிளாஸ் அயனோமரா என்று கேளுங்கள். இரண்டுக்கும் வேலையும் வேறு, விலையும் வேறு.

முன்பற்களைப் பற்றி நீண்டு எழுத ஒன்றுமில்லை, அங்கே வெள்ளைதான். வெற்றிலை போடுகிறவர்களுக்கும் கடும் சாயத் தேத்தண்ணீர் குடிக்கிறவர்களுக்கும் கொம்போசிற்றின் ஓரம் கறுக்கும், மேலால் மினுக்கினால் பெரும்பாலும் போகும், கறுத்தது எல்லாம் சூத்தை இல்லை.

இப்போது உங்கள் பல். நீங்கள் எழுதியதை மட்டும் வைத்து, நான் உங்கள் அண்ணனாக இருந்தால் இதைச் செய்யச் சொல்வேன். முதலில் அதே அரசாங்க ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போய், பிள்ளைக்கு எண்ணம் இருக்கிறது, வெள்ளை வைக்க முடியுமா என்று கேளுங்கள். பல் நிற அடைப்பு அரசாங்க ஆஸ்பத்திரிகளிலும் வைக்கிறார்கள், ஆனால் எல்லா நாளும் எல்லா இடத்திலும் சாமான் இருக்கும் என்று சொல்ல முடியாது. 2022 பொருளாதார நெருக்கடியில் நாங்கள் விறைப்பு ஊசிக்கே அல்லாடினோம். இல்லை என்றால், சூத்தையைத் துப்புரவாக்கிக் கிளாஸ் அயனோமரால் மூடிவிடச் சொல்லிக் கேட்கலாம், அது சூத்தை பெருகாமல் தடுத்து உங்களுக்கு நேரம் தரும், காசு சேர்ந்த பிறகு அதன் மேல்பகுதியை எடுத்துக் கொம்போசிற் வைக்கலாம். தனியாரில் வைப்பதென்றால், விலையைக் கேட்பதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: சூத்தை முரசுக்குக் கீழே போய்விட்டதா, பல்லை எப்படிக் காய வைத்திருப்பீர்கள், எவ்வளவு நேரம் ஒதுக்குவீர்கள். எச்சில் படாமல் பல்லைச் சுற்றி இறப்பர் திரை போடுவேன் என்றாலோ, குறைந்தது பஞ்சும் உறிஞ்சுகுழாயும் பிடிக்கப் பக்கத்தில் ஒரு உதவியாளர் நிற்பார் என்றாலோ நல்லது. பக்கச்சுவர் சூத்தையைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவேன் என்று சொன்னால், வேறு நாளில் ஆறுதலாக வரட்டுமா என்று கேளுங்கள். முரசுக்குக் கீழே ஆழமாகப் போன சூத்தை, காயவைக்க வழியில்லை, நீங்களும் கர்ப்பிணி இல்லை என்ற நிலையில் வைத்தியர் வெள்ளிதான் நிற்கும் என்று சொன்னால், அவர் பேச்சை நான் மறுக்கமாட்டேன். அப்படி வைத்தால் அதற்காக இரவில் நித்திரை இல்லாமல் கிடக்க வேண்டியதில்லை.

வைத்த பிறகு சில நாள் குளிர்த்தண்ணீருக்குக் கூசும், கொம்போசிற்றுக்கு இது கொஞ்சம் கூட, இரண்டு மூன்று வாரத்தில் குறைந்துகொண்டு போனால் பயமில்லை. விறைப்புப் போன பிறகு, கடிக்கும்போது அந்தப் பல் மட்டும் முதலில் முட்டுகிற மாதிரி இருந்தால் பொறுத்துக்கொண்டு இருக்காமல் அடுத்த நாளே போய்ச் சொல்லுங்கள், கொஞ்சம் தேய்த்துவிட்டால் சரியாகிவிடும், விட்டால் பல்லே நோகத் தொடங்கும். தேத்தண்ணீரைச் சீனி போட்டு அடிக்கடி குடிக்கும் பழக்கம் இருந்தால் சாப்பாட்டு நேரங்களோடு சேர்த்துவிடுங்கள். வெறும் தேத்தண்ணீரும் பனங்கட்டிக் கடியும் என்றாலும் அதே சூத்தைதான், பனங்கட்டி பல்லுக்கு நல்லது என்று நம்பி நாள் முழுக்கச் சூப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். புளோரைட் 1000 பிபிஎம்முக்குக் குறையாத பற்பசையால் இரவு படுக்கப்போக முன் தீட்டி, நுரையைத் துப்பிவிட்டுத் தண்ணீரால் கொப்பளிக்காமல் விடுங்கள். பல்லிடுக்கில் நூல் போடப் பழகுங்கள், அடைப்பின் பக்கச்சுவரில் மறுபடி சூத்தை தொடங்குவது அந்த இடுக்கில்தான்.

ஒன்றை மட்டும் நீங்கள் எழுதவில்லை, இப்போது வலி எப்படி என்று. இனிப்புக்கும் குளிருக்கும் சுள்ளென்று பட்டு உடனே போகிறது என்றால் மேலே எழுதியது பொருந்தும், இரண்டு மூன்று வாரத்துக்குள் வைத்தால் போதும். சூடு பட்டால் நீண்டநேரம் விண்விண் என்று நிற்கிறது, இரவில் தானாக எழுப்புகிறது, கன்னம் வீங்குகிறது என்றால் நரம்பு பழுதாகிவிட்டது, எந்த அடைப்பும் அதை மூடிக் காப்பாற்றாது. வேர்ச்சிகிச்சை செய்யலாமா என்று பார்க்க எக்ஸ்ரே எடுக்க வேண்டும், அதற்கு நாளைக் காலையே போங்கள்.